திபெத்தியலுக்கு ஒரு விரிவுரையாளர்

பினாங்கில் திபெத்தைப் பற்றிப் பாடம் நடத்த ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தபோது, அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கமலாம்பிகை. இன்னொருத்தி நூர் பீவி. அவளுக்குப் பத்திரிகை படிக்கத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

1986ஆம் ஆண்டு அது. ஏதோ ஒரு வெளிநாட்டு அறக்கட்டளைக்குத் திடீரென்று ஞானம் பிறந்து, தீவில் இருந்த பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பகுதிக்கு ஒரு பதவியைக் கொடுத்திருந்தது. 'நவீன திபெத்தியல், ஆய்வும் போதனையும்' என்று பெயர். பயான் லெப்பாஸில் தொழிற்சாலை மேல் தொழிற்சாலையாகத் திறந்து, ஊர்ப் பெண்பிள்ளைகளையெல்லாம் பஸ் வைத்து அள்ளிக்கொண்டு போன காலம். இந்த நேரத்தில் திபெத் யாருக்கு வேண்டும் என்று ஊர் கேட்டதில் தப்பே இல்லை.

ஆனால் கமலாம்பிகைக்கு வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து இறந்தவர். லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்துவிட்டு வருவாள் என்று அனுப்பினால், திபெத்தின் நவீன வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு நிலையான வேலை கிடையாது. ஒரு வருடம் ஒரு கல்லூரியில் பகுதி நேரம், அடுத்த வருடம் வேறொன்றில் யாரோ பிரசவ விடுப்பில் போன இடத்தில். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. கடலுக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் இருந்த அண்ணன் அம்பிகைபாகன் வீட்டுக்குப் போனால் அவர் ஆரம்பித்துவிடுவார்.

"பனிமலைக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்? கேமரன் மலைக்குப் போனாலே சளி பிடிக்கிற குடும்பம் நம்ம குடும்பம்."

அவள் சிரித்துக்கொள்வாள். வீடு திரும்பும்போது படகில் தனியாக நின்று அழுதும் இருக்கிறாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் இனி எந்த வேலையும் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. உலகத்தில் இந்தப் பாடத்துக்கு இருக்கும் நாற்காலிகளே கொஞ்சம், அதில் ஒன்று அவள் பிறந்த ஊரில் வந்து விழுந்திருக்கிறது.

நூர் பீவியை அவள் கண்டுபிடித்தது அதற்கு முந்தைய வருடம். சூலியா தெருப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஹபீப் முகம்மதுவின் நாசி கண்டார் சோற்றுக்கடை இருந்தது. கல்லாவில் அவர் மனைவி நூர் பீவி உட்கார்ந்திருப்பாள். அகன்ற கன்னமும் சிறிய கண்ணுமாக இருந்ததால் ஊர் அவளைச் 'சீன மாமி' என்றுதான் சொல்லும், மதம் மாறிய சீனத்தி என்று எல்லோருடைய எண்ணமும். ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்பிய கமலாம்பிகை, அந்த மாமி தன் தேநீரில் உப்பும் ஒரு கரண்டி வெண்ணெயும் போட்டுக் கலக்குவதைப் பார்த்தாள். பார்த்தவள், தனக்குத் தெரிந்த புத்தகத் திபெத்திய மொழியில், "இது வெண்ணெய்த் தேநீரா?" என்று கேட்டுவிட்டாள்.

நூர் பீவி கையிலிருந்த கரண்டியை அப்படியே மேசையில் வைத்தாள். பிறகு அதே மொழியில், "நீ ஏன் அரசாங்க அதிகாரி மாதிரிப் பேசுகிறாய்?" என்று கேட்டாள்.

அவள் லாசாவில் பிறந்தவள். அங்கே முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். காஷ்மீரிலிருந்து வியாபாரத்துக்குப் போய்த் தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள். வீட்டில் திபெத்திய மொழி, தொழுகைக்கு அரபு. ஐம்பத்தொன்பதில் அங்கே நடந்த கலவரத்தில் அவளுடைய முதல் கணவன் இறந்துபோனான். மறு வருடம், காஷ்மீர் வழி வந்தவர்கள் என்று காட்ட முடிந்தவர்களை இந்தியாவுக்குப் போக விட்டார்கள். அப்பாவோடு கலிம்போங்குக்கு வந்தாள். கல்கத்தாவில் தன் மாமனின் பவள வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பினாங்குக்காரர் ஹபீப் முகம்மது, திபெத்தியர்களுக்குப் பவளம் விற்கக் கலிம்போங்குக்குப் போவார். இளம் விதவை என்று தெரிந்தே அவளைக் கட்டிக்கொண்டார். எல்லை மூடிப் பவள வியாபாரம் படுத்ததும் ஊருக்குக் கூட்டி வந்து கடை போட்டார். விதவைக்கு வாழ்வு கொடுத்ததில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு, அதை அவர் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஹபீப் ஜும்மாவுக்குப் போயிருக்கும் நேரம் கமலாம்பிகை கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் போவாள். "அச்சா லா" என்று அழைப்பாள். திபெத்தியத்தில் அக்கா என்று மரியாதையாகச் சொல்வது அப்படித்தான். நூர் பீவி பேச்சு மொழி சொல்லிக்கொடுப்பாள், கமலாம்பிகை சம்மதம் கேட்டு டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துகொள்வாள். ஹபீபுக்கு மெத்தச் சந்தோஷம்.

"வாங்க டீச்சர், வாங்க. அவளுக்கும் பேச்சுத்துணைக்கு ஆளு வேணும்லா. கல்யாணம் கட்டி வந்ததிலேருந்து அவ பாஷ பேச ஒரு ஆளு கிடைக்கல."

அந்த மொழி நூர் பீவிக்கு ஒரு தனி அறையாக இருந்தது. கணவனுக்கும் தெரியாது, அக்கம்பக்கத்துக்கும் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எதையும் சொல்லலாம். அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை அவள் சொன்னாள்.

"எனக்கு ஒரு மகள் உண்டு. சுபைதா. நான் புறப்பட்டபோது அவள் இன்னும் நடை பழகவில்லை. என் மாமியார் கொடுக்க மறுத்துவிட்டாள், செத்த மகனின் ரத்தம் என்றாள். சில மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று அப்பா சொன்னார். கலிம்போங்கில், குழந்தையைப் பற்றி வாயே திறக்காதே, யாரும் கட்ட மாட்டார்கள் என்றும் அவர்தான் சொன்னார். இங்கே வந்தேன். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இவருடைய அக்கா ஹாஜரா என்னை மலடி என்றாள். பெருநாளுக்குப் பெருநாள் சொன்னாள். நான் பெற்றவள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், குறை இவரிடம் என்று இவருக்குத் தெரிந்துபோகுமே. நல்ல மனிதர். என்னையே மலடி என்று சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்."

டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. முடிந்த பிறகு கமலாம்பிகை, இதை எழுதலாமா என்று கேட்டாள். நூர் பீவி யோசித்தாள். இந்தப் பதிலைத் தமிழிலேயே சொன்னாள், தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது என்று.

"எழுதிக்க. இங்கிலீஷ்ல எழுதிக்க, அவருக்கு இங்கிலீஷ் வராது. என் பேரு வேணாம். தமிழ்லயும் வேணாம், மலாய்லயும் வேணாம். இந்த வீட்டுக்குள்ள அது வரக்கூடாது."

"வராது அக்கா" என்றாள் கமலாம்பிகை. சொன்ன நேரத்தில் அது உண்மைதான்.

நேர்முகத் தேர்வுக்கு முன்னால் விண்ணப்பதாரர்கள் எல்லோரும் ஒரு மாதிரி விரிவுரை நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வருவார். பகுதித் தலைவர் பேராசிரியர் நோர்மா, கமலாம்பிகை மேல் அன்புள்ளவர், கூப்பிட்டு விஷயத்தை உடைத்தே சொன்னார்.

"கமலா, மற்ற இருவரும் உன்னைவிட அதிகமாக எழுதியிருக்கிறார்கள். பினாங்கில் இந்தப் பதவி எதற்கு என்று அந்த மனிதர் கேட்பார். அதற்குப் பதில் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்த ஊரில் வாழும் ஒரு குரல். அதைப் போட்டுக் காட்டு." பிறகு எழுந்து போகும்போது, "விரிவுரை மலாயில் இருக்க வேண்டும். பாடம் மலாயில்தானே நடத்தப்போகிறாய்" என்றார்.

அன்று மாலையே கமலாம்பிகை கடைக்குப் போனாள், கேட்கத்தான் போனாள். கடை நிறையக் கூட்டம். நூர் பீவி அவளைப் பார்த்ததும், கேட்காமலே மீன் குழம்பைக் கட்டிக் கையில் கொடுத்து, "வேல கிடைக்கட்டும். துவா செய்றேன்" என்றாள். கமலாம்பிகை பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். கூட்டமாக இருந்தது, சரியான நேரம் இல்லை என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. இந்தப் படித்தவர்களுக்குத் தங்களை ஏமாற்றிக்கொள்ளச் சொல்லித்தரவே வேண்டாம்.

சாட்டுக்கா பஞ்சம்? பெயர் போடப்போவதில்லை. 'ஒரு பெண், லாசாவைச் சேர்ந்தவர்' என்றுதான் சொல்லப்போகிறாள். அவளுடைய தொழிலில் அதுதான் முறை: பெயரை மறைத்துவிட்டால் ஆளைக் காப்பாற்றியாயிற்று. உலகத்துக்கே தெரியாமல் மறைத்தாள். அந்தக் குரலைப் பினாங்கில் ஒரே ஒரு மனிதன் அடையாளம் கண்டுகொள்வான், அவனிடமிருந்துதான் மறைக்க வேண்டும் என்பதை மட்டும் ஓரமாகத் தள்ளி வைத்தாள். கடைக்காரருக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை?

வேலை இருந்தது, அதையும் அவளே செய்து வைத்திருந்தாள். நூர் பீவியின் உதவிக்குக் கைம்மாறாக, வரலாற்றுப் பகுதியின் கூட்டங்களுக்குத் தேநீரும் பலகாரமும் ஹபீப் கடையில் வாங்கும்படி நோர்மாவிடம் எப்போதோ சொல்லியிருந்தாள். ஆனால் எப்போதும் வேலையாள்தான் கொண்டு வருவான், அதுவும் கூட்டம் முடியும் நேரத்துக்கு.

அன்று ஹபீபே வந்தார், சீக்கிரமாகவே. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் சொங்கோக் தொப்பி. நம்ம டீச்சர் பேசுகிறார், போய்க் கேட்போம் என்று ஆசையாக வந்திருக்கிறார். தேநீர்ப் பாத்திரங்களை வெளியே வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். கமலாம்பிகை அவரைக் கண்டபோது விரிவுரை பாதி போயிருந்தது. அவர் கையை லேசாக உயர்த்தி, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று காட்டினார்.

அடுத்தது டேப்தான். அதை விட்டுவிட்டு அதற்கு அடுத்த பகுதிக்குப் போக முடியும். கையில் குறிப்பு இருந்தது. அறக்கட்டளைக்காரர் முதல் வரிசையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார், தூக்கம் வந்த முகம். நோர்மா கண்ணால் டேப் ரெக்கார்டரைக் காட்டினார். மண்டபம் பெரிது, கருவி பழையது, அவ்வளவு தூரத்தில் குரல் விளங்காது என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

குரல் தெளிவாக விளங்கியது. நூர் பீவி திபெத்தியத்தில் பேசினாள், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, கமலாம்பிகை நல்ல மலாயில் சொன்னாள். மகள் உண்டு என்று சொன்னாள். மலடி என்று சொன்னாள். குறை இவரிடம் என்று சொன்னாள். அறக்கட்டளைக்காரர் கன்னத்திலிருந்து கையை எடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார், பக்கத்தில் இருந்தவர் அவர் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவி ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். கடைசி வரிசையைப் பார்க்கக் கூடாது என்று இருந்தும் கமலாம்பிகை பார்த்தாள். ஹபீப் சொங்கோக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அவர் எழுந்து போகவில்லை. முடிந்ததும் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினார், கறிபாப் பலகாரத் தட்டை நீட்டினார். கமலாம்பிகைக்கு ஊற்றும்போது, "உங்களுக்குச் சீனி கொறச்சு" என்று ஞாபகமாகச் சொன்னார். "நல்லாப் பேசினீங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

வேலை கிடைத்தது. அண்ணன் அம்பிகைபாகன் கோயிலில் அர்ச்சனை செய்து, தங்கச்சிக்கு நல்ல புத்தி வந்து வேலையில் அமர்ந்ததாக எல்லோரிடமும் சொன்னார். அறைக் கதவில் பெயர்ப் பலகை மாட்டினார்கள். அவள் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் பலகையைப் பார்க்காமல் உள்ளே போனாள். சந்துப் பக்கமே போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வகுப்புக்குத் தயார் செய்ய வேண்டும் என்று அறைக்குள் உட்கார்ந்துகொண்டாள், ஒன்றும் தயார் செய்யவில்லை. வெட்கம் என்பது ஒரு வேலை, நாள் முழுக்க எடுக்கும். போய்க் காலில் விழுந்திருக்கலாம். விழுந்தால் மன்னித்துவிடுவாளோ, மன்னிக்கமாட்டாளோ, இரண்டுமே அவளுக்குப் பயமாக இருந்தது.

பெருநாள் கழிந்த வாரம் ஹபீப் அவள் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். மெலிந்திருந்தார்.

"அண்ணே, என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

"உங்கள நான் என்ன சொல்றது டீச்சர். நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரியாமலே மவுத்தாயிருப்பேன். நன்றி சொல்லவும் வாய் வரல, திட்டவும் வரல. எங்க அக்கா அவள என்னென்ன பேசியிருக்கு தெரியுமா? நான் பக்கத்துல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். பொம்பளைங்க பேச்சு, நமக்கெதுக்குன்னு. அந்தப் பேச்சு எனக்கு வந்திருக்க வேண்டியது. அவ வாங்கிக்கிட்டா."

"நூர் அக்கா என்ன சொல்றாங்க?"

"இந்தப் பெருநாளைக்கு எங்க அக்கா வந்துச்சு. கொறை எங்கிட்டதான்னு சொல்லிட்டேன். கடையில, ஆளுங்க முன்னாலயே. நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். நூரு அன்னைக்கு அழுதா பாருங்க, கட்டி வந்த நாள்லேருந்து அப்படி அழுது நான் பார்த்ததில்ல. இத்தன வருஷம் நான் மறச்சதுக்கு அர்த்தமே இல்லாம பண்ணிட்டீங்களேன்னு கேட்டா. அதுக்கப்புறம் அதப் பத்திப் பேசல. சோறு போடுறா, கல்லாவுல உக்கார்றா. மனசுக்குச் சூசாவா, கஷ்டமாத்தான் இருக்கு."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். காத்மாண்டுவில் நூர் பீவியின் சித்தப்பா மகன் இருக்கிறார். இப்போது அங்கிருந்து ஆட்கள் லாசாவுக்குப் போய் வருகிறார்கள். சுபைதாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பலாம். பிள்ளை உயிரோடு இருந்தால் இருபத்தேழு வயதிருக்கும்.

"அவளுக்கு அந்த எழுத்து எழுத வராது டீச்சர். நீங்கதான் எழுதணும். வெள்ளிக்கிழமை வாங்க, நான் பள்ளிவாசலுக்குப் போயிருவேன்."

கமலாம்பிகை போனாள். நூர் பீவி தரையில் பாய் போட்டுச் சின்ன மேசை எடுத்து வைத்திருந்தாள். "அச்சா லா" என்று ஆரம்பித்து, வழி முழுக்க மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பைக் கமலாம்பிகை திபெத்தியத்தில் சொன்னாள்.

நூர் பீவி முழுவதையும் கேட்டாள். தமிழில் பதில் சொன்னாள்.

"உக்காரு. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் அக்கா."

"இங்கிலீஷ்ல மட்டும்னு சொன்னேன். ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அவரு அங்க உக்காந்திருந்தது தெரியுமா?"

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். அவர் கை காட்டியதை அவள் கண்டாளா என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

"தெரியும். பார்த்துட்டுத்தான் போட்டேன். வேலை கிடைக்காமப் போயிருமோன்னு பயம்."

நூர் பீவி தலையாட்டினாள். கோபமாகக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் கமலாம்பிகைக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

"அவரு பாவம். கடையில மொத மாதிரி சத்தமாப் பேசமாட்டேங்குறாரு" என்றாள். பிறகு பேனாவை எடுத்து நீட்டினாள். "எழுது. மகளுக்கு. உன் அம்மா நான் உயிரோட இருக்கேன். பினாங்குன்னு ஒரு ஊரு, கடலோரம். உன்ன விட்டுட்டு வரணும்னு வரல. நெதம் உன் பேரச் சொல்லித்தான் தொழுகைய முடிக்கிறேன். நீ யார அம்மான்னு கூப்பிடுறியோ அவங்களுக்கு என் சலாம் சொல்லு."

கமலாம்பிகையின் பேனா முதல் வரியிலேயே நின்றது. அவளுக்கு அந்த வரிகள் எல்லாமே எழுத வரும், பிழையில்லாமல் வரும். ஆனால் நூர் பீவி போன வருடமெல்லாம் இந்த அறையில் பேசிய பேச்சு அதில் இருக்காது.

"அக்கா, இத நீங்க உங்க பாஷையிலயே சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல அப்படியே எழுதிர்றேன். உங்க வாய்ச்சொல்லாப் போகட்டும். பெத்த மகளுக்குப் போற கடுதாசி."

நூர் பீவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். கீழே கடையில் யாரோ தட்டு கழுவும் சத்தம் கேட்டது. அவள் உதடுகள் அசைந்த மாதிரி இருந்தது, அந்த மொழி வந்துவிடும் என்று கமலாம்பிகை பேனாவைத் தாளில் ஊன்றிக் காத்திருந்தாள். அவள் திரும்பித் தமிழில்தான் சொன்னாள்.

"மனசுல உள்ளதச் சொல்ல எனக்கு ஒரு பாஷ இருந்துச்சு. அதுல சொன்னா வெளிய போகாதுன்னு நம்பினேன். இப்ப அதுல வாயத் தொறந்தா, யாரோ மண்டபத்துல உக்காந்து கேட்கிற மாதிரி இருக்கு. அவகிட்டகூட பேச வரல." பேனாவைப் பார்த்தாள். "இனிமே அது உன் உத்தியோகம். நீயே எழுது."

பிறகு விட்ட இடத்திலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினாள். கமலாம்பிகை எழுதினாள்.